வீட்டுக்குள் ஓர் அலுவலகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. கடல் பக்க யன்னலைப் பார்த்தபடி மேசை போட்டு லப்டொப்பில் வேலை செய்கிறேன். மூன்று மணிக்குப் பிறகு கண் கூசுகிறது. கழுத்தும் தோளும் நோகின்றன. நல்ல கதிரை வாங்கினால் சரியாகுமா?

பதில்: கதிரைக்குக் காசு செலவழிக்க முதல் மேசையைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் யன்னல் மேற்குப் பக்கம், பின்னேர வெயில் நேரே முகத்தில் விழும். முதுகைக் காட்டி இருந்தாலோ வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும். யன்னல் பக்கவாட்டில் வரவேண்டும். வலது கையால் எழுதுபவரென்றால் இடப்பக்கம் நல்லது, கையின் நிழல் தாளில் விழாது.

கழுத்து நோவுக்குக் காரணம் லப்டொப்பின் அமைப்பேதான். திரையும் விசைகளும் ஒட்டியிருப்பதால் ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது பிழைக்கும். தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள்; காற்றுத் துவாரங்களை மறைக்க வேண்டாம். தனிக் கீபோட்டும் மவுஸும் கட்டாயம் வேண்டும். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும்.

தோள் நோவு பெரும்பாலும் மேசை உயரத்தால் வருவது. கடை மேசைகள் 75 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கதிரையில் நிமிர்ந்து இருந்து, கையை மடித்து, நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். 65 வந்தால் மேசை உங்களுக்கு 10 சென்ரிமீற்றர் கூட. கதிரையை அந்த 10ஆல் உயர்த்தி, காலுக்குக் கீழே அதே உயரத்தில் பலகை ஒன்று வையுங்கள். பலகை இல்லாவிட்டால் கால் தொங்கித் தொடை மரத்துப்போகும். உயர்த்த முடியாத கதிரையென்றால் குஷன் போடலாம்; மெத்தென்றது அமுங்கிவிடும், கடினமானதாக எடுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் முதுகு நொந்தால் கதிரையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடுகிறது. பற்றரியில் மின் தரும் சின்ன யூபிஎஸ் போதுமா?

பதில்: போதும். முதலில் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 12 வோல்ட் என்றால் யூபிஎஸ்ஸும் 12 வோல்ட் தரவேண்டும். கூடினால் ரவுட்டர் எரியும். அம்பியர் சமனாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. யூபிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் 8800 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி, அதாவது 8.8 அம்பியர் மணி) என்பது 3.7 வோல்ட் பற்றரிக் கணக்கு, இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 32.5 வோட் மணி. இழப்புப் போக 27 மிஞ்சும். 9 வோட் இழுக்கும் ரவுட்டர் மூன்று மணித்தியாலம் ஓடும். பைபர் இணைப்புப் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். யூபிஎஸ்ஸை மூடிய லாச்சிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் பற்றரி சீக்கிரம் பழுதாகும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடலாமா?

பதில்: லப்டொப், திரை, ரவுட்டர் எல்லாம் சேர்ந்தாலும் 150 வோட்டைத் தாண்டுவது அரிது. கேத்தல், அயன் இரண்டையும் மட்டும் அதில் போடவே வேண்டாம். 2000 வோட் கேத்தல் 230 வோல்ட்டில் 9 அம்பியர் அளவு இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டை சொக்கெட் அதைத் தாங்காது. மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக்கைச் செருகுவதும் கூடாது. தொட்டுப் பார்க்கச் சுட்டால் அன்றே மாற்றுங்கள்.