பிரிட்டனில் ஜும்ஆ: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. ரெடிங்கில் வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது, டீமில் நீங்கள் ஒருவர்தான் முஸ்லிம், ப்ரொபேஷன் முடியும்வரை ஜும்ஆ (வெள்ளிக்கிழமை மதியம் கூட்டாகத் தொழும் தொழுகை) பற்றி வாயைத் திறக்காதே என்று அறைத்தோழர் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை வீடு, வங்கிக் கணக்கு, குளிருக்கு எந்த ஜாக்கெட், மனைவி வந்தால் அவரும் பள்ளிவாசலுக்குப் போகலாமா என்றும் கேள்விகள். வீட்டுக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜாக்கெட் மழை தாங்குவதாக இருந்தால் போதும். நான் ஜும்ஆவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உங்கள் அறைத்தோழர் சொன்னதையே எனக்கும் ஒருவர் சொன்னார், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நான் வந்து இறங்கியது வடக்கே ஒரு சின்ன ஊர். கிடங்கு வேலை. ஒரே வீட்டில் பலபேர், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எங்களில் சீனியர் ஒருவர் இருந்தார். "தொழுகை, கிழுகை என்று பேசினால் காண்ட்ராக்டை நீட்ட மாட்டான்" என்பது அவர் வாக்கு. அவர் எப்படிச் சமாளித்தார் என்றால், வெள்ளிக்கிழமை தோறும் அவருக்குப் பல்வலி வரும். மதியம் பல் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்புவார், பள்ளியில் பார்க்கலாம். ஒருநாள் மேலாளர் டாக்டர் சீட்டைக் கேட்டார். அவ்வளவுதான், வேலை போயிற்று. ஜும்ஆவுக்குப் போனதால் போகவில்லை, பொய் சொன்னதால் போயிற்று. ஆனால் அவர் கடைசிவரை "பார்த்தீர்களா, இந்த நாட்டில் தொழ விடமாட்டான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிச் சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதிலும் புதிதாக வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்கள்.

நான் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்துக்கு நாலு வாக்கியம்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தொழுகை, கூட்டாகத்தான் தொழ முடியும், போகவர ஒரு மணி நேரம், காலையில் அந்த ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எல்லா வெள்ளியுமா?" ஆமாம் என்றேன். ரோட்டாவில் (வேலை நேரப் பட்டியலில்) பேனாவால் ஒரு கோடு போட்டார். முடிந்தது. பனிக்காலத்தில் இருட்டோடு இருட்டாக எழுந்து முதல் பஸ் பிடித்துப் போவேன். கிடங்கின் ஹீட்டர் சூடாவதற்கு முன்பே நான் உள்ளே இருப்பேன். அவர் மாறி அடுத்து வந்தவர் வேண்டுமென்றே வெள்ளி ஒரு மணிக்கு மீட்டிங் வைத்தார், அது வேறு கதை. ஆனால் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டது இருந்ததால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம்மவர்கள் பலரே குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை இஸ்லாத்தில் விடுமுறை நாள் அல்ல. யூதர்களுக்குச் சனிக்கிழமை வேலை கூடாது, நமக்கு அப்படி ஒரு விதி கிடையாது. குர்ஆனில் சூரத்துல் ஜும்ஆ என்ற அத்தியாயத்தின் 9, 10 வசனங்களைப் பாருங்கள். பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒன்று, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று அடுத்தது. 11ஆம் வசனம் இறங்கிய பின்னணியும் வேலை நாள்தான். மதீனாவில் குத்பா (ஜும்ஆ தொழுகைக்கு முன் நடக்கும் உரை) நடந்துகொண்டிருக்கும்போது வணிகக் கூட்டம் வந்து சேர, பாதியில் எழுந்து ஓடியவர்கள் போக நபியவர்களோடு பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்று ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது லீவு அல்ல, அரைநாளும் அல்ல. நடுவில் ஒரு மணி நேரம். அதைச் சரியாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு என்பதுதான் நான் பார்த்தது. ரெடிங் மாதிரி ஊரில் ஜும்ஆ என்ற பெயரையே கேள்விப்படாத மேலாளர் கிடைப்பதும் கஷ்டம். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்ந்து 39 லட்சம் முஸ்லிம்கள்.

ஆனால் சட்டம் இருக்கிறது என்ற மிதப்பில் போகாதீர்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, தொழுகைக்கு நேரம் விட்டே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நியாயமான வேலைக் காரணம் இருந்தால் முதலாளி மறுக்கலாம். எழுபதுகளில் லண்டனில் ஓர் ஆசிரியர் ஜும்ஆவுக்குப் போய்விட்டு வெள்ளி மதிய வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருந்தார். வாரம் நாலரை நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்றார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போட்டார், 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார், ஐரோப்பிய மனித உரிமை ஆணையமும் கைகொடுக்கவில்லை. 2011இல் ஒரு செக்யூரிட்டி கார்டின் வழக்கும் அப்படித்தான். மதியம் முழுக்க எல்லாக் காவலர்களும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் வாடிக்கையாளர் போட்ட நிபந்தனை, அதனால் அவரைப் பள்ளிக்கு விடாதது நியாயமே என்று தீர்ப்பு. அதே சமயம் உங்கள் பக்கமும் ஒன்று வந்திருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, சேர்ந்த முதல் நாளிலேயே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முறையாக விண்ணப்பிக்கலாம், இரண்டு மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ப்ரொபேஷன் என்பது இதற்குத் தடையே இல்லை. உங்கள் அறைத்தோழருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் வாய்மொழியாகச் சொல்லுங்கள், அன்றே ஒரு சின்ன ஈமெயில் போட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்த நேரத்தை எப்போது ஈடுகட்டுவேன், இந்த மூன்றும் இருந்தால் போதும். மதத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். உங்கள் மதிய இடைவேளை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் சட்டம் தருவது 20 நிமிடம்தான், மிச்சமெல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இதைவிடப் பெரிய பொறி கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஜூனில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் தொடங்கவே ஒரு மணி தாண்டிவிடும், அஸர் (பிற்பகல் தொழுகை) ஐந்து மணிக்கு மேல், அவசரமே இல்லை. டிசம்பரில் லண்டன் பக்கம் லுஹர் பன்னிரண்டு மணிவாக்கில் வரும், ஷாஃபி மத்ஹப் (சட்டப் பள்ளி) கணக்கில் அஸர் ஒன்றே முக்காலுக்கே வந்துவிடும். அந்த இடைவெளிக்குள் குத்பா, தொழுகை எல்லாம் முடிய வேண்டும். அதனால் பள்ளிகள் குளிர்காலத்தில் ஜும்ஆ நேரத்தை முன்னால் கொண்டுவரும். கோடையில் ஒன்றரைக்குப் பழகிய ஆள் நவம்பர் முதல் வெள்ளி அதே நேரத்துக்குப் போனால் பள்ளிவாசலில் செருப்புத்தான் தேடலாம். மேலாளரிடம் பேசும்போதே கோடை நேரம், குளிர்கால நேரம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

பெரிய பள்ளிகளில் இடம் போதாமல் இரண்டு மூன்று ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நடத்துவார்கள். நம் பக்கத்து ஷாஃபிகளுக்கு இது முதலில் உறுத்தும், ஓர் ஊரில் தேவையில்லாமல் ஒன்றுக்கு மேல் ஜும்ஆ கூடாது என்று ஓதி வளர்ந்தவர்கள் அல்லவா. எங்களோடு இருந்த பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் பேணுதலுக்காக லுஹரையும் தொழுவார். நெருக்கடி என்றால் அனுமதி உண்டு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது ஜமாஅத் பெரிய நிஃமத், அருட்கொடை. மீட்டிங் இழுத்துவிட்டாலும் ஒன்று தப்பினால் ஒன்று கிடைக்கும். அப்புறம், உருதுவிலோ வங்காளத்திலோ அரைமணி நேரம் ஓடுவது பயான், அதாவது மார்க்கப் பேச்சு, குத்பா அல்ல. ஆரம்பத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது, சுவரில் இருந்த நேர அட்டவணையையே படித்துக்கொண்டிருப்பேன். நேரம் இல்லையென்றால் பயானை விடலாம், குத்பாவை விடக் கூடாது. முதலில் வருபவருக்கு ஒட்டகம் குர்பானி கொடுத்த நன்மை, பிறகு மாடு, ஆடு, கோழி, கடைசியில் முட்டை என்று ஹதீஸ் சொல்கிறது. வேலை நாளில் நாமெல்லாம் முட்டைக்காரர்கள்தான். அதற்காக இமாம் தொழுகையின் இரண்டாம் ரக்அத்துக்கு (சுற்றுக்கு) எழும்போது ஓடிவந்து, எல்லோர் தோளையும் தாண்டி முன் வரிசைக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இன்னொரு கூட்டம் காரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடும். அக்கம்பக்கத்து வீட்டு வாசலை அடைத்து நிறுத்துவது. அந்த வீட்டுக் கிழவி டாக்டரிடம் போக முடியாமல் நிற்பாள், இவர் உள்ளே சூரத்துல் கஹ்ஃப் ஓதிக்கொண்டிருப்பார். பள்ளியை விரிவாக்க கவுன்சிலிடம் அனுமதி கேட்கும்போது வரும் ஆட்சேபங்களில் பார்க்கிங்தான் முதலில் நிற்கும். பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள். அதுபோலவே ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்கு வந்து உட்காருகிறவர்கள். இவர்களால்தான் அடுத்து வந்து கேட்கிற பையனை மேலாளர் சந்தேகத்தோடு பார்க்கிறார். என் இப்போதைய அலுவலகத்தில் இப்படி ஒருவரைக் கூப்பிட்டுத் திட்டியே இருக்கிறேன். வெள்ளைக்காரனுக்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்றார். பயமில்லை, அமானிதம், நம்பிக் கொடுத்த நேரம் என்றேன். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

மூன்று ஜும்ஆ தொடர்ந்து விட்டால் உள்ளத்தில் முத்திரை விழும் என்று யாராவது பயமுறுத்தினால், அது அலட்சியமாக விடுபவருக்கு என்று ஹதீஸிலேயே இருக்கிறது. உண்மையாகவே போக முடியாத வெள்ளியில் நாலு ரக்அத் லுஹர் தொழுங்கள். மனைவிக்கு ஜும்ஆ கடமையில்லை, விரும்பினால் வரலாம், ஆனால் எல்லாப் பள்ளியிலும் பெண்களுக்கு இடமில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். இடமில்லாத பள்ளி நிர்வாகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, இன்று வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரிகள், பல்கலைக்கழகங்களிலும் ஜும்ஆ நடக்கும், வெளியாட்களை விடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் அலுவலகம் ஸ்டேஷன் பக்கமா, ஊருக்கு வெளியே பிசினஸ் பார்க்கா என்று எழுதுங்கள். வெளியே என்றால் போகவரவே நேரம் போய்விடும், ஒரு மணி நேரம் போதாது, ஒன்றேகால் என்றே ஈமெயிலில் போட்டுவிடுங்கள்.