நேற்று நடந்ததற்கு இன்று ஹெட்ஸ் அப்பா?

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு நாள் ராத்திரி சர்வர் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. காலையில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு 'ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்' என்று ஆரம்பித்து மெயில் போட்டேன். டீம் லீட் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஹெட்ஸ் அப் இல்லப்பா" என்று சிரித்தார். அகராதியில் 'எச்சரிக்கை' என்றுதானே இருக்கிறது? என்ன தப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிரித்தவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.

'ஹெட்ஸ் அப்' முதலில் ஒரு கூச்சல். பேஸ்பாலில் அடித்த பந்து தப்பிப்போய்ப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தால் 'ஹெட்ஸ் அப்!' என்று கத்துவார்கள். குனிந்து கடலை தின்றுகொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து ஒதுங்கிக்கொள்வார். நம் தெரு கிரிக்கெட்டில், குடத்தோடு போகிற அக்காவைப் பார்த்து "பந்து, பந்து!" என்று அலறுவோமே, அதேதான். பந்து காற்றில் இருக்கும்போதுதான் அலற முடியும். மண்டை வீங்கிய பிறகு யாரும் அலறுவதில்லை, மன்னிப்புதான் கேட்பார்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு மண்டை ஏற்கெனவே வீங்கிவிட்டது. என்ன ஆனது, ஏன் ஆனது, மறுபடி ஆகுமா என்பதுதான் அவருக்கு வேண்டும்.

'எச்சரிக்கை' என்ற மொழிபெயர்ப்பும் உங்களை ஏமாற்றிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டாலே மின்கம்பத்து மண்டையோட்டுப் பலகை கண்முன் வருகிறது. ஹெட்ஸ் அப் அவ்வளவு கனமில்லை. "ஒரு வார்த்தை காதில் போட்டு வைக்கிறேன்" என்போமே, அந்த எடைதான். "அப்பா கோவமா இருக்காரு, பாத்து வா" என்று தங்கை போனில் கிசுகிசுக்கிறாளே, அது அசல் ஹெட்ஸ் அப். "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை போயிடும்" என்று மேலாளர் சொன்னால் அது வார்னிங். அதற்கு ஹெட்ஸ் அப் என்று பெயர் வைத்தால் மிரட்டலுக்குச் சர்க்கரை தடவுவதாகிவிடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 'ஹெட்ஸ்' பன்மை மாதிரி இருந்தாலும் முன்னால் 'எ' வேண்டும். 'கிவ் மீ ஹெட்ஸ் அப்' என்று நம்மூரில் பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லாக எழுதும்போது நடுவில் சிறு கோடு போடுவது வழக்கம். 'ஸ்'ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி (’) மட்டும் போட்டுவிடாதீர்கள், 'தலையினுடைய மேலே' என்று ஆகிவிடும். எனக்கு வரும் மெயில்களில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

சனிக்கிழமை ராத்திரி பராமரிப்புக்காக நீங்களே சர்வரை நிறுத்தப்போகிறீர்கள் என்றால், வியாழனன்றே உங்கள் 'ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்'பை அனுப்புங்கள். பதினொரு மணி என்றால் கோவைக்கா அவர் ஊருக்கா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.