தங்க மூட்டு, கரையும் ஸ்டென்ட், மடக்கும் லென்ஸ்: கூடுதல் பணம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் 'சாதாரண மூட்டு', 'தங்க மூட்டு' என இரண்டு பேக்கேஜ் காட்டினார்கள். தங்க மூட்டு 30 வருடம் உழைக்குமாம், ஒரு காலுக்கு ஒரு லட்சம் கூடுதல். ரோபோ வைத்துச் செய்தால் அதற்குத் தனிக் கட்டணம். எதை எடுக்கலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில், அதில் தங்கம் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு வகைப் பூச்சு ஒன்று உண்டு, அதன் நிறம் பொன் மஞ்சள். பூச்சின் கனம் சில மைக்ரான்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடியில் இருப்பது பெரும்பாலும் 'சாதாரண' மூட்டில் இருக்கும் அதே கோபால்ட் குரோமியம் உலோகக் கலவைதான்.

இந்தப் பூச்சு வீண் என்று சொல்ல மாட்டேன். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதனால் பயன் இருக்கலாம். கவரிங் நகை போட்டால் அம்மாவுக்குக் கழுத்தில் தடிப்பு வருமா, வாட்ச் பட்டை பட்ட இடம் அரிக்குமா என்று கேளுங்கள். வரும் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பூச்சுள்ள மூட்டைப் பற்றிப் பேசலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் கூடுதல் பணம் கொடுக்க நான் காரணம் காணவில்லை.

அப்புறம் அந்த 30 வருடக் கணக்கு. இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் மூட்டை எந்திரத்தில் பொருத்தி, லட்சக்கணக்கான தடவை மடக்கி நீட்டிப் பார்த்து எடுத்தவை. மனிதர்களின் கால்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேறு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு 25 வருடம் கழித்தும் அதே மூட்டு வேலை செய்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பு பொருத்திய மூட்டுகளின் கணக்கு இது. உங்கள் அம்மாவுக்கு 25 வருடம் கழித்து 92 வயதாகும்.

தேய்மானம் முக்கியமாக வருவது இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவில் உட்காரும் பாலிஎத்திலின் தட்டில். ஆகவே பொன்னிறத்தைப் பற்றிக் கேட்பதைவிட, "நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் எந்த வகை? தேய்மானம் குறைய மூலக்கூறுகளைப் பிணைத்து உறுதியாக்கிய 'கிராஸ்லிங்க்' வகையா?" என்று கேளுங்கள். நோயாளி வீட்டார் இதைக் கேட்பது அரிது. கேட்டால் நல்ல மருத்துவர் உட்கார்ந்து விளக்குவார்.

இப்போது விலை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. கோபால்ட் குரோமிய மூட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். பாகம் பாகமாகப் பார்த்தால்: தொடை எலும்பில் பொருத்துவது 24,090, கீழ்க்கால் எலும்பில் பொருத்துவது 16,990, நடுத் தட்டு 9,550, முழங்கால் சில்லு 4,090. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் போன்ற சிறப்பு வகைகளுக்கு 76,600 ரூபாய். அதற்குப் பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன, இன்றைய தொகையை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆணையின்படி சாதாரண வகைக்கும் சிறப்பு வகைக்கும் வித்தியாசம் 22,000 ரூபாய்க்குள். உங்களிடம் ஒரு லட்சம் கேட்கிறார்கள். மீதி எங்கே போகிறது?

உச்ச விலை இம்பிளாண்டுக்கு, அதாவது உடம்புக்குள் பொருத்தும் பொருளுக்கு, மட்டும்தான். அறை வாடகை, தியேட்டர் கட்டணம், மருத்துவர் கட்டணம் இவற்றுக்கு வரம்பு இல்லை. பேக்கேஜ் என்று மொத்தமாகச் சொல்லும்போது எல்லாம் அதற்குள் போய்விடும். ஆகவே எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். பாகம் வாரியாக, பிராண்டு பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண்ணோடு பில் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. அந்த ஆணையிலேயே அது இருக்கிறது.

ரோபோ விஷயம் சுருக்கமாக. அது தானாக அறுவை சிகிச்சை செய்வதில்லை. எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் சரியாக வெட்ட மருத்துவருக்கு உதவுகிறது. கோணம் துல்லியமாக அமைவது உண்மை. அதனால் ஐந்து, பத்து வருடம் கழித்து வலி குறைவு, நடை மேல் என்பது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. வாரம்தோறும் மூட்டு மாற்றும் அனுபவமுள்ள மருத்துவர் கிடைத்தால் ரோபோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்தார்கள், ஸ்டென்ட் வைக்க வேண்டும். 'உலோகம் உடம்பில் நிரந்தரமாகக் கிடக்கும், கரைந்துபோகும் ஸ்டென்ட் கேள்' என்று மாமா சொல்கிறார். புதியது நல்லதுதானே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நடந்ததை மாமாவுக்கும் சொல்லுங்கள். ஸ்டென்ட் என்பது அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக் குழாய். 'அப்சார்ப்' என்ற கரையும் ஸ்டென்ட் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. அமெரிக்காவில் 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது. 2017 செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது. கரைவதற்கு முன்னால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவது உலோக ஸ்டென்டைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. கரையும் பொருளுக்கு உலோகத்தின் வலு கிடையாது, எனவே அதன் கம்பிகளைச் சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமனில் செய்ய வேண்டியிருந்தது. நல்ல உலோக ஸ்டென்டில் இது 0.08 அளவில்தான் இருக்கும். தடித்த கம்பி ரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சல்.

இன்று நம்பி வைத்துக்கொள்ளக்கூடியது மருந்து பூசிய உலோக ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் உச்ச விலை வைத்தபோது மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதுவரை மருந்து பூசிய ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அந்த ஆணை எத்தனை குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இப்போதைய விலை சற்று ஏறியிருக்கிறது, ஆணையத்தின் பட்டியலில் இருக்கும். 'இது இம்போர்ட்டட், இதற்கு அந்த வரம்பு பொருந்தாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்நாட்டு ஸ்டென்டுக்கும் வெளிநாட்டு ஸ்டென்டுக்கும் ஒரே வரம்புதான்.

விலையைவிட முக்கியமானது இது: ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் சரி.

கேள்வி: கண்புரை ஆபரேஷனுக்கு மூன்று லென்ஸ் காட்டினார்கள். இந்திய லென்ஸ் மலிவு, வெளிநாட்டு லென்ஸ் அதைவிட இரண்டு மடங்கு, மல்டிபோகல் அதைவிடப் பல மடங்கு. வாடகைக் கார் ஓட்டுகிறேன், பாதி சவாரி இரவில். எது நல்லது? (மதுரை வாசகர்)

பதில்: மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பதிலில் பாதி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை 1949-ல் லண்டனில் தொடங்கியவர் ஹெரால்டு ரிட்லி. போரில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் பெரிய கெடுதல் செய்யாததைக் கவனித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தார். பல பத்தாண்டுகள் அது ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992-ல் அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு லென்ஸ் கொடுத்தது. அங்கே செய்த லென்ஸ்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. ஆகவே இந்திய லென்ஸ் என்பதற்காக யோசிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மடக்க முடியாத கடின லென்ஸா, மடக்கும் லென்ஸா. கடின லென்ஸ் உள்ளே போகச் சுமார் 5, 6 மில்லிமீட்டர் வெட்டு வேண்டும். மடக்கும் லென்ஸ் சுருண்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாகப் போய் உள்ளே விரியும். காயம் சீக்கிரம் ஆறும். கார் ஓட்டப் போக வேண்டிய உங்களுக்கு மடக்கும் லென்ஸ் நல்லது.

இரண்டாவது, மல்டிபோகல். உங்களுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒளியைப் பங்கு போடுவதால் இரவில் எதிர் வண்டியின் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். பலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. இருட்டில் ரோடு பார்த்துப் பிழைப்பவர் அந்தச் சோதனையில் இறங்க வேண்டியதில்லை. தூரப் பார்வைக்கு மோனோபோகல் (ஒரே தூரத்துக்கு மட்டும் பவர் உள்ள) மடக்கும் லென்ஸ், ரசீது படிக்க ஒரு சாதாரணக் கண்ணாடி, போதும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களும் கண் அழுத்தம் உள்ளவர்களும் மல்டிபோகலுக்குச் சரி சொல்லுமுன் தீர விசாரிக்க வேண்டும். கருவிழி வளைவால் வரும் சிலிண்டர் பவர் உங்களுக்கு அதிகம் இருந்தால் மட்டும் 'டோரிக்' வகையைப் பற்றிக் கேளுங்கள், அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

கேள்வி: தொடை எலும்பில் டைட்டானியம் ராடு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: பொதுவாக எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, இம்பிளாண்ட் விவரத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: போன மாதம் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டோட்டல் ஹிப் இம்பிளாண்ட்' என்று மட்டும் இருக்கிறது. என்ன கம்பெனி என்று கேட்டால், 'எல்லாம் ஃபைலில் இருக்கு' என்கிறார்கள். விட்டுவிடலாமா? (கடலூர் வாசகி)

பதில்: விடாதீர்கள் அம்மா. இம்பிளாண்ட் வரும் கிருமிநீக்கிய பெட்டிக்குள் உரித்து ஒட்டும் சிறு ஸ்டிக்கர்கள் சில இருக்கும். அதில் பெயர், அளவு, ரெஃபரன்ஸ் எண், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) எல்லாம் அச்சாகியிருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள், இன்னொன்று உங்களுக்கு உரியது. இடுப்பு மூட்டில் பல பாகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ பிரிவு 2010 ஆகஸ்டில் 'ஏஎஸ்ஆர்' இடுப்பு மூட்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசு குழு அமைத்து, 2018-ல் இழப்பீட்டுக் கணக்கும் வகுத்தது. ஆனால் யாருக்குப் பொருத்தினார்கள் என்ற விவரம் சரியாக இல்லாததால் ஏராளமானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தன் இடுப்பில் இருப்பது அதுதான் என்று தெரியாமலே எத்தனை பேர் வலியோடு இருந்தார்களோ.

மருத்துவப் பதிவேடுகள் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளிப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்கத்தான் சொல்கின்றன, ஆகவே இப்போதே கேளுங்கள். கிடைத்ததும் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உச்ச விலைக்கு மேல் வாங்கியிருந்தால் விலை நிர்ணய ஆணையத்தின் 1800 111 255. பின்னாளில் மூட்டில் வீக்கமோ புது வலியோ வந்து, இம்பிளாண்டால்தான் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் மருந்து, மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் அரசு உதவி எண் 1800 180 3024-ல் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த லாட் எண்ணைத்தான்.