விழுந்துவிடுவாரோ என்ற பயம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 78 வயது. இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லை, பக்கவாதம் வராமலிருக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும் என்கிறார் டாக்டர். ஆபத்து மூன்றில் இரண்டு பங்கு குறையுமாம். ஆனால் அப்பாவுக்கு நடையில் தடுமாற்றம் உண்டு. இதே மாத்திரை சாப்பிட்டுவந்த தெரிந்தவர் ஒருவர் கீழே விழுந்து, தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனார். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

ர.

அன்புள்ள ர.,

நான் மருத்துவன் அல்ல. இதே முடிவை என் அம்மாவுக்காக எடுக்க வேண்டி வந்தவன்.

மூன்றில் இரண்டு பங்கு என்றால், எதில்? அதை முதலில் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆண்டுக்கு 100 பேரில் 5 பேருக்குப் பக்கவாதம் வரும் நிலை என்றால், மாத்திரையால் அது ஏறக்குறைய 2 ஆகும். 3 பேர் தப்புகிறார்கள். மற்ற 95 பேருக்கு மாத்திரை இல்லாமலும் அந்த ஆண்டு வந்திருக்காது. 100 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்றால், அதே மூன்றில் இரண்டு பங்கில் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. அப்பாவின் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய நோய்களை வைத்து டாக்டரால் அவருக்கான எண்ணைச் சொல்ல முடியும். ரத்தக்கசிவையும் அதேபோல் 100 பேரில் எத்தனை பேருக்கு என்றே கேளுங்கள்.

விழுவதைப் பற்றி 1999ல் கனடாவில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 5 சதவீதப் பக்கவாத ஆபத்துள்ள முதியவர் வருடத்துக்குச் சுமார் 295 தடவை விழுந்தால்தான், விழுவதால் மண்டைக்குள் வரும் கசிவு வார்ஃபரினின் பலனை மிஞ்சுமாம். சில அனுமானங்களின்மேல் நிற்கும் எண்தான். இருந்தாலும் நம் பயம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதை அது காட்டுகிறது.

இந்தப் பயம் டாக்டர்களையும் விடுவதில்லை. 2006ல் வெளியான இன்னொரு கனடா ஆய்வு: தன் நோயாளி ஒருவருக்கு வார்ஃபரினால் பெரிய ரத்தக்கசிவு வந்துவிட்டால், அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதை எழுதுவதை டாக்டர்கள் குறைத்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுக்காத நோயாளிக்குப் பக்கவாதம் வந்தபோதோ, எழுதுவதைக் கூட்டவில்லை. ஒன்றை நாம் செய்தோம். மற்றது தானாக வந்தது. மனம் இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது.

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். யாரோ சொன்ன கதையைக் கேட்டு அம்மாவின் மாத்திரையை நிறுத்தினேன். அலமாரியில் கிடந்த அட்டையில் இரண்டு குழிகள் மட்டும் காலி. ஏழாவது மாதம் பக்கவாதம் வந்தது. அதன்பின் எங்கே உட்கார்ந்தாலும் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். கொடுக்காமல் விட்டதும் நான் செய்ததுதான் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் இதுவும் ஒருவரின் கதைதான். உங்கள் அப்பாவுக்கு இதை அளவுகோலாக வைக்காதீர்கள். மாத்திரை தொடர்ந்திருந்தாலும் அம்மாவுக்கு வந்திருக்கலாம்.

கொடுப்பதென்று முடிவானால், வலிமாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கட்டும். இரண்டுமே கசிவு ஆபத்தைக் குறைக்கும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் டாக்டர் பேசுகிறார், வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். அப்பா பேசவே இல்லை. பக்கவாதத்தைத் தவிர்க்க எவ்வளவு ரத்தக்கசிவு ஆபத்தை ஏற்பீர்கள் என்று டாக்டர்களையும், இதே இதயத்துடிப்புக் கோளாறு வரும் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளையும் கேட்ட ஆய்வொன்று 2001ல் வந்தது. டாக்டர்களைவிட அதிகம் ஏற்கத் தயாராக இருந்தவர்கள் நோயாளிகள்தான். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.