மணலை மெல்லும் உளுவை ஏன் மெலிகிறது?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் 80 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, கடல்நீர் நிரப்பி, மறுநாளே இரண்டு சிறிய உளுவை மீன்களை வாங்கி விட்டேன். ஒன்று ஒரு நாள் காலையில் தரையில் செத்துக் கிடந்தது. மற்றொன்று நாள் முழுவதும் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உதிர்க்கிறது. ஆனாலும் வயிறு ஒட்டிவிட்டது. மிதக்கும் தீவனத்தைத் தொடுவதில்லை. வற்றும் நீருக்கு ஈடாகக் கடல்நீரையே ஊற்றுகிறேன். எங்கே தவறினேன்?
– வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் மீன் பசியில் வாடுகிறது. மணலைச் சலிக்கும் உளுவை, அதிலுள்ள நுண்ணிய புழுக்களையும் ஓட்டுடலிகளையும் வடித்து உண்டு வாழ்வது. புதிய, சிறிய தொட்டியின் மணலில் அவை இருந்தாலும் சில நாள்களிலேயே தீர்ந்துவிடும் என்பதால், வெறும் மணலைத்தான் அது மென்றுகொண்டிருக்கிறது. ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உவர்நீர் இறாலையோ பொடியாக நறுக்கிய பச்சை இறாலையோ சிறு குழாய் வழியாக அதன் வாயருகே, மணல்மீதே விழுமாறு, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். எஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். அழுகும் தீனி மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்கள் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தமே. இப்போதைக்கு வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வாருங்கள்.

வற்றுவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளில் நடப்பதுதான் உங்கள் தொட்டியிலும் நடக்கிறது. ஆகவே வற்றிய அளவுக்கு உப்பற்ற வடிநீரையே ஊற்றி, லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பை நிலைநிறுத்துங்கள்; இப்போது கூடியிருந்தால் பல நாள்களில் மெல்லக் குறையுங்கள்.

தரையில் கிடந்த மீன் துள்ளி விழுந்திருக்கும். மிரண்டால் உளுவை பாயும் என்பதால் நுண்கண் வலையால் தொட்டியை மூடுங்கள்.

நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள’ மணலும் கல்லும் தேடித் தீவுப் பக்கம் போய்விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அந்தப் பவளப் பாறைகளை இழந்தால் அவற்றின் இடுக்குகளில் வாழும் உளுவைகளும் இல்லை.

இந்த மீனின் வயிறு தேறும்வரை இன்னொன்றை வாங்க வேண்டாம்.