காலநிலை மாற்றத்தைப் பற்றிய கலைப்படைப்பு எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அது மனதில் நின்றதா?

பார்த்திருக்கிறேன். இன்னும் மனதில் நிற்கிறது.

2018 நவம்பரில் ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வட யூயிஸ்ட் தீவின் லாக்மேடி என்ற சிறிய துறைமுக ஊருக்குப் போயிருந்தேன். ஸ்கை தீவிலிருந்து கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம். படகுத்துறை, ஒரு ஓட்டல், அங்கங்கே வீடுகள், அவ்வளவுதான் ஊர்.

கடலை ஒட்டியே ‘தாய் கியர்சவா’ என்ற அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கின்றன. 1741இல் சத்திரமாகக் கட்டிய வெள்ளைக் கட்டடம். அங்கே பேசும் கேலிக் மொழியில் வீட்டுக்கான சொல், காதில் கிட்டத்தட்ட நம்முடைய ‘தாய்’ போலவே விழுகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வீட்டின் வெளிச்சுவரிலும் பக்கத்து நிலத்திலும்தான் பெக்கா நீட்டிவிர்தா, டிமோ ஆஹோ என்ற ஃபின்லாந்துக் கலைஞர்கள் ‘கோடுகள்’ என்ற ஒளி அமைப்பை வைத்திருந்தார்கள்.

நான் மத்தியானம் போய் நின்றபோது அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. கடல் வற்றிக் கிடந்தது, பாறைகளில் பழுப்பு நிறப் பாசி. நான் தங்கிய வீட்டு அம்மா, “பௌர்ணமி சமயம், ஏழு மணி வாக்கில் தண்ணீர் நன்றாக ஏறும், அப்போது போங்கள்” என்றார். அங்கே நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

இருட்டில் போய்க் காத்திருந்தேன். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. மத்தியானம் நான் நடந்த பாறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்புறம் அந்த வெள்ளைக் கோடு எரிந்தது. ஓதம், அதாவது கடலேற்றம், உச்சத்துக்கு வருவதை உணர்கருவிகள் கண்டறிந்தால்தான் விளக்கு எரியும். வருங்காலத்தில் கடல்மட்டம் உயர்ந்த பிறகு ஒரு புயல் வந்தால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதுதான் அந்தக் கோடு. சுவரில் ஓடி, மூலை திரும்பி, ஒரே மட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. கிட்டே போய்க் கோட்டுக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, காய்ந்து இருந்தது. கடல் எனக்குப் பின்னால் சில அடி தூரத்தில்தான்.

புயலின்போது காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அதற்கு மேல் காற்று வேறு தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். அன்று ஓதமும் உச்சத்தில் இருந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். படித்தால் இது வெறும் கணக்கு. அந்தத் தீவுக்காரர்களுக்கோ பட்ட அனுபவம். 2005 ஜனவரிப் புயலில் தென் யூயிஸ்டில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர், ஐந்து பேர், வீட்டைவிட்டுக் காரில் தப்பிக்கப் பார்த்தபோது கடல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கலைக்கூடமே புயல்வெள்ள அபாயத்தால் இருக்கும் இடத்தில் விரிவாகக் கட்ட முடியாத நிலையில்தான் இருந்தது. அதனால் இதை யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போன உபதேசமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த மாதமே லண்டனில் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் வாசலில் வைத்த கிரீன்லாந்துப் பனிப்பாறைகளையும் பார்த்தேன். அதில் கன்னத்தை வைத்தால் உருகும் சத்தம் கேட்கும், அழகுதான். ஆனால் அது எங்கிருந்தோ கொண்டுவந்த பனி. லாக்மேடியில் மூழ்கப்போகும் சுவரிலேயே கோடு இருந்தது. எனக்கு அதுதான் பெரிது.

அப்பாவின் ஊர் தரங்கம்பாடி. அங்கே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பாண்டியர் காலத்துக் கோயில் அது. லாக்மேடியில் அந்தக் கோடு எரிந்ததைப் பார்த்த இரவே அப்பாவுக்கு போன் செய்து அதைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம வீட்டுச் சுவரில் போட்டால் எங்கே வரும்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.