டாம்கேட் எழுகிறது, பக்கம் மட்டும் வரவில்லை

கேள்வி: டாம்கேட் 10.1 (ஜாவா வெப் நிரல்களை ஓட்டுற சர்வர்) போட்டேனுங்க. 8080-ல வரவேற்புப் பக்கம் நல்லா வருது. ஆனா காலேஜ் நோட்டுல இருக்கிற சர்வ்லெட்டை (பிரவுசர் கேட்டா பதில் தர்ற ஜாவா நிரல்) மேவன்ங்கிற கருவில கட்டி, ஒரே பொட்டலமான வார் கோப்பா வெச்சா 404, அதாவது 'பக்கம் இல்லை'தான். அதே கோப்பு நண்பனோட டாம்கேட் 9-ல ஓடுது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் நிரலில் தப்பில்லை, நோட்டுதான் டாம்கேட் 9 காலத்தது. சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா ஈஈ என்ற தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த ஆரக்கிள், 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயரில் புதிய மாற்றங்கள் செய்ய இடம் தரவில்லை. அதனால் 2020-ல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் 'ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்' என்பது 'ஜகார்த்தா.சர்வ்லெட்' ஆனது. டாம்கேட் 10 புதுப் பெயரை மட்டுமே தேடும். சர்வ்லெட்டின் முகவரியைச் சொல்ல நிரலில் பழைய பெயரில் இட்ட வெப்சர்வ்லெட் குறிப்பு அதன் கண்ணில் படவே படாது; பிழை என்றும் சொல்லாது, வெறும் 404. சர்வ்லெட்டை வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் பதிந்திருந்தால் 500 (சர்வர் பிழை) வந்திருக்கும், டாம்கேட் எழுதும் லாக் பதிவைப் பார்த்ததும் காரணம் புரிந்திருக்கும்.

இம்போர்ட் வரிகளை மாற்றுங்கள். மேவனின் பாம் (பாம்.எக்ஸ்எம்எல்) கோப்பில் ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐ 6.0.0 போட்டு, ஸ்கோப் 'புரொவைடட்' என்று வையுங்கள். அந்த ஜார் (நூலகக் கோப்பு) டாம்கேட்டிடமே இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லா 'ஜாவாஎக்ஸ்'-ஐயும் மாற்றிவிடாதீர்கள். 'ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல்', 'ஜாவாஎக்ஸ்.நேமிங்' இரண்டும் ஜேடிகே-யின், அதாவது ஜாவா நிறுவல் தொகுப்பின், சொத்து. அவை பழைய பெயரிலேயேதான் இருக்கின்றன.

நிரலைத் தொடாமல் ஓட்டவும் வழி உண்டு. வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்று ஒன்று உருவாக்கி அதில் வார் கோப்பைப் போட்டால், டாம்கேட் 10 தானே பெயர்களை மாற்றிக்கொள்ளும். படிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வேலையிடங்களில் புழங்கும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 3-ம் பதிப்பும் புதுப் பெயரில்தான் இருக்கிறது. இப்போதே கைப்பழக்கம் ஆகட்டும்.

கேள்வி: பனியன் கம்பெனிக்குக் கூலிக் கணக்கு எழுதறேனுங்க. டாம்கேட் 9, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், விண்டோஸ். தமிழ்ல பேர் அடிச்சுச் சேமிச்சா கட்டிங், செக்கிங் ஆளுங்க பேரெல்லாம் கேள்விக்குறியா நிக்குது. கூலி எண் சரியா இருக்கு.
– வாசகி, திருப்பூர்

பதில்: பட்டியலை உற்றுப் பாருங்கள். கேள்விக்குறி என்றால் எழுத்து தொலைந்துவிட்டது. அந்தப் பெயர்களைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் 'ஏ' அடிக்கடி வருகிற குப்பையாக இருந்தால் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, வாசித்த விதம்தான் தப்பு; மீட்டுவிடலாம்.

எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று முதலில் பிடியுங்கள். படிவத்தில் 'பழனி' என்று அடித்து, சர்வ்லெட்டில் அந்தப் பெயரின் நீளத்தை மட்டும் லாகில் எழுதுங்கள். பெயரையே எழுதினால், விண்டோஸ் கட்டளைச் சன்னலே தமிழைக் கேள்விக்குறியாகக் காட்டி உங்களை ஏமாற்றும். நீளம் 4 வர வேண்டும், இகரக் கொக்கியும் ஓர் எழுத்தாக எண்ணப்படும். 12 வந்தால் டாம்கேட் தப்பாக வாசிக்கிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட்.

12 என்றால் மருந்து வெப்.எக்ஸ்எம்எல்-ல்: 'ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங்' என்ற டேக் போட்டு யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். டாம்கேட் 10 இதைத் தன் கான்ஃப் ஃபோல்டரிலேயே போட்டுத் தருகிறது, 9-ல் நாம்தான் போட வேண்டும். சர்வ்லெட்டுக்குள் 'செட்கேரக்டர்என்கோடிங்' எழுதுவதானால் முதல் 'கெட்பாராமீட்டர்' வரிக்கு முன்னால் எழுத வேண்டும். ஒரு வரி பின்னால் போனாலும் பலன் இல்லை. ஜேஎஸ்பி (ஜாவா கலந்த பக்கக் கோப்பு) ஒவ்வொன்றின் தலைவரியிலும் பேஜ்என்கோடிங் யூடிஎஃப்-8 இருக்கட்டும்.

4 என்றால் குற்றம் தரவுத்தளத்துப் பக்கம். மைஎஸ்கியூஎல் 5.7 வரை இயல்பு எழுத்துத்தொகுதி தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1, 8.0-ல்தான் யூடிஎஃப்-8-இன் முழு வடிவமான யூடிஎஃப்8எம்பி4 ஆனது. சர்வரை மேம்படுத்தினாலும் பழைய டேபிள் பழைய தொகுதியிலேயே கிடக்கும். 'ஷோ கிரியேட் டேபிள்' போட்டுப் பாருங்கள். லத்தீன்1 என்று வந்தால், பேக்கப் எடுத்துவிட்டு 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் 'கன்வர்ட் டு கேரக்டர் செட்' யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். வாரக்கூலி போடும் சனிக்கிழமை இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: ஜேடிகே 21 போட்டும் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65, 52 வரைதான் தெரியும்'னு டாம்கேட் சொல்லுது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிளாஸ் ஃபைல் என்பது கட்டிய பின் கிடைக்கும் நிரல் கோப்பு; அதன் எண்ணில் 65 என்பது ஜாவா 21, 52 என்பது ஜாவா 8. கட்டியது ஒரு ஜாவா, ஓட்டுவது வேறு ஜாவா. 'ஜாவா -வெர்ஷன்', 'எம்விஎன் -வெர்ஷன்' இரண்டையும் அடித்து ஒப்பிடுங்கள். ஜாவா_ஹோம் ஜேடிகே ஃபோல்டரைச் சுட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் பின் ஃபோல்டரை அல்ல. பாத் வரிசையில் ஆரக்கிளின் 'ஜாவாபாத்' முன்னால் நின்றால் அதைக் கீழே தள்ளுங்கள். டாம்கேட்டை விண்டோஸ் சர்வீஸாக நிறுவியிருந்தால் அது ஜாவா_ஹோமைக் கேட்காது. டாம்கேட் மானிட்டரில் ஜாவா டேபில் உள்ள ஜேவிஎம் பாதையை மாற்ற வேண்டும். ஜாவா_ஹோம், பாத் மாற்றிய பின் புதுக் கட்டளைச் சன்னல் திறந்துதான் சோதிக்க வேண்டும், பழைய சன்னலுக்குப் புது மதிப்பு தெரியாது.

கேள்வி: டாம்கேட்டைத் தொடங்கினா போர்ட் 8080 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்குன்னு வருது.
– வாசகர், ஈரோடு

பதில்: 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' அடித்து, 8080 வரியின் கடைசி எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடுங்கள். பழைய ஆரக்கிள் எக்ஸ்ஈ 11ஜி தரவுத்தளம் இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8080-ஐ 8081 ஆக்குங்கள். இரண்டு டாம்கேட் ஓட்டினால் நிறுத்துவதற்கான போர்ட் 8005-ஐயும் மாற்ற வேண்டும்.